போஸ்ட்பார்ட்டம் டிப்ரெஷன்: மன அழுத்தம் இல்லீங்க, பேறுகால மனச்சோர்வு

தங்கச்சி குழந்தைக்கு ஒன்றரை மாச ஊசி போட கூடப் போயிருந்தேன், அந்த ஆஸ்பத்திரி சுவத்துல பெருசா "பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தம்"னு ஒரு போஸ்டர். டிவி பேட்டி, வாரப் பத்திரிகை, யூடியூப் எங்க பாத்தாலும் இதே சொல்தான், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் எழுத உக்காந்தேன்.

பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற போஸ்ட்பார்ட்டம் டிப்ரெஷன்ங்கற வியாதியத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்காங்க. போஸ்ட்னா பின்னாடி, பார்ட்டம்ங்கறது ஈனுறதுக்கான லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. டிப்ரெஷனும் லத்தீன்தான், கீழ அமுக்குறதுன்னு வேர்ப்பொருள். இந்த வேரைப் பிடிச்சுக்கிட்டுதான் சிலர் "அப்ப அழுத்தம் சரிதானே"ங்கறாங்க. சரியில்ல. வேர்ல என்ன இருந்ததுங்கறத விட இன்னிக்கு நம்ம காதுல அந்தச் சொல் எப்படி விழுதுன்னு பாக்கணும். தமிழ்ல மன அழுத்தம்னா ஸ்ட்ரெஸ், ஆபீஸ் டார்கெட், கடன், பரீட்சை, அதாவது வெளிய இருந்து ஒண்ணு நம்மள அமுக்குது. அதனாலதான் சித்தி அந்த போஸ்டரைப் படிச்சுட்டு தங்கச்சியப் பாத்து, "வேலைக்கா போற, வேளாவேளைக்கு சோறு வருது, உனக்கென்னடி அழுத்தம், நாங்கல்லாம் பெத்து வளக்கலையா"ன்னு கேட்டாங்க. சித்தி கெட்டவங்க இல்ல, அந்தச் சொல்தான் அவங்கள காரணம் தேட வைக்குது, காரணம் கிடைக்கலன்னா பழி பெத்தவ மேல விழுது.

இன்னொண்ணு, மாசாமாசம் செக்கப்ல ரத்த அழுத்தம் பாத்துக்கிற பொண்ணுகிட்ட அழுத்தம் இருக்கான்னு கேட்டா "பாத்தாங்க, நார்மல்"னுதான் பதில் வரும். அதோட நம்ம ஊர்ல மனசுல இருக்கறத வெளிய சொல்லாதவள "சரியான அழுத்தக்காரி"ன்னு திட்டுவோம். ஏற்கனவே வாயத் திறக்க முடியாம தவிக்கிறவளுக்கு அதே சொல்லையா வியாதிக்குப் பேரா வைக்கிறது?

அதனாலதான் மனச்சோர்வுன்னு சொல்லுங்கங்கறேன். சோர்வுன்னா வெறும் களைப்பு இல்லையா, ராத்திரி பூரா கண்ணு முழிச்சா யாருக்கும் வருமேன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா "மனசு சோந்து போச்சு"ன்னு சொன்னா அது ஒடம்பு அலுப்பு இல்லன்னு யாருக்கும் புரியும். இந்த வியாதி இருக்கான்னு கண்டுபிடிக்க 1987ல வந்த எடின்பரோ கேள்வித்தாள்ல 10 கேள்வி இருக்கு, போன 7 நாள்ல சிரிக்க முடிஞ்சுதா, தேவையில்லாம உங்களையே குத்தம் சொல்லிக்கிட்டீங்களா, உங்களையே காயப்படுத்திக்கலாம்னு தோணுச்சான்னு போகும். சோந்துபோன மனசோட அடையாளம்தான் இதெல்லாம்.

அடுத்து "பிந்தைய". இது பிரசவத்துக்கு அப்புறம்தான் வரும்னு யார் சொன்னா? வயித்துல சுமக்கும்போதே ஆரம்பிக்கலாம், அமெரிக்க மனநல மருத்துவர்களோட வியாதி வகைப்படுத்துற கையேடான டிஎஸ்எம்-5 கூட 2013ல கர்ப்ப காலத்தையும் சேத்துத்தான் வகைப்படுத்துச்சு. உலக சுகாதார நிறுவனக் கணக்குல கர்ப்பிணிகள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சனை, பெத்தவங்கள்ல 13. பிந்தையன்னு போட்டா அந்த 10 பேரும் பேரே இல்லாம போயிடுறாங்க. நம்மகிட்ட பேறுகாலம்னு அருமையான சொல் இருக்கு. சுடு சூடு ஆன மாதிரி பெறு பேறு ஆச்சு, கிராம நர்ஸ் நோட்டுல பேறுகால முன்கவனிப்பு, பின்கவனிப்புன்னு ரெண்டு பக்கமும் ஏற்கனவே புழங்குது. "பேறுகால மனச்சோர்வு"ன்னு சொன்னா ரெண்டும் அடங்கிடும். மொழிபெயர்க்கறவங்க டிக்‌ஷனரிய தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ்கிட்ட கேட்டிருக்கலாம்.

பெத்த மூணாம் நாலாம் நாள் காரணமில்லாம அழுகை வந்து ரெண்டு வாரத்துக்குள்ள தானா போறத பேபி ப்ளூஸ்ங்கறாங்க. அதுக்கும் இதே மன அழுத்தத்தையே ஒட்டுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கோவம். "முகம் வாடி இருக்கா"ன்னு சொல்ற ஊர்ல வாட்டம்ங்கற சொல்லுக்கா பஞ்சம்? பேறுகால வாட்டம்னு வைங்க. ரெண்டு வாரம் தாண்டியும் போகலன்னா அது சோர்வு, டாக்டரப் பாக்கணும்.

சைக்கோசிஸ் வேற. பெத்தவங்கள்ல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், தூக்கமே இல்லாம, இல்லாத குரல் கேட்டு, பிள்ளைய யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க. பழைய ஆளுங்க ஜன்னின்னாங்க, ஆனா அதே சொல் வலிப்புக்கும் காய்ச்சலுக்கும் ஓடுறதால குழப்பம்தான் மிச்சம். "பேறுகால மனப்பிறழ்வு"ன்னு தனியா எழுதுங்க, ஏன்னா இதுக்கு ரெண்டு வாரம் பாக்கலாம்ங்கற பேச்சே கிடையாது, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.