பிக்கப்பில் குடும்பத்தோடு போகிறீர்களா? பட்டையைக் கழற்றாதீர்கள்

"அண்ணா, பின்னாடி ஒரே ஒரு பட்டையை மட்டும் கழட்டி விட்டுருங்கண்ணா. தூக்கித் தூக்கிப் போடுது. வீட்டுல உட்கார முடியலைங்கறாங்க."

பொள்ளாச்சிப் பக்கம் என்னைப்போல ஸ்பிரிங் பட்டறை நடத்துகிற யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒப்பிப்பார்கள். பட்டை என்றால் பின்சக்கரத்துப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் லீஃப் ஸ்பிரிங்கின் இரும்புத் தகடு. முழுப் பரீட்சை லீவு விட்டால் போதும், தினமும் ஒருவராவது வந்து நிற்பார். முன்பெல்லாம் லாரி, டிராக்டர் டிரெய்லர், காய்கறி ஏற்றும் வண்டி என்றுதான் வேலை வரும். 2016ல் இசுசு வி-கிராஸ் வந்தது, 2022ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. இப்போது தோப்பு வைத்திருப்பவர், எஸ்டேட் வைத்திருப்பவர் வீட்டு வாசலிலெல்லாம் டபுள் கேபின் பிக்கப், அதாவது முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சரக்குத் தொட்டியும் உள்ள வண்டி, நிற்கிறது. வாரம் முழுக்க உர மூட்டை, தேங்காய். சனிக்கிழமையானால் அதே வண்டியில் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு திருச்செந்தூர், ஊட்டி. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, தாராளமாகப் போங்கள். ஆனால் போவதற்கு முன் அதன் முதுகெலும்பை உருவச் சொல்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதை எழுத வைத்தது போன வாரம் வந்த ஒரு வண்டி. வேறெங்கோ இரண்டு பட்டைகளை உருவி எடுத்திருக்கிறார்கள். ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சு, இரண்டு நாள் வால்பாறை. திரும்பி ஆழியாறு இறங்கும்போது வண்டி சைடு வாங்குகிறது என்று மட்டும் ஓட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது, ரோடுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துண்டாகிக் கிடக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் ஆக்சில் கூடு, அதுதான் பின் ஹவுசிங், இருக்கவேண்டிய இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. மெயின் பட்டையின் முனையில் வளையமாகச் சுருட்டியிருக்கும் கண் பக்கத்தில் கீறல். அந்த நிலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கிறார்கள், பின்சீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பிள்ளைகளும். பட்டறைப் பையன்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, பட்டை விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் நான் சோம்பேறித்தனத்தில் மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

பிக்கப்பின் பின்பக்கம் காலியாக ஓடும்போது முரடாகத்தான் இருக்கும். பல நூறு கிலோ சுமப்பதற்காகப் போட்ட ஸ்பிரிங் அது, நாலு பெட்டியை அது மதிக்காது. இதில் பழுது எதுவும் இல்லை. "அப்போ ஒன்றைக் குறைத்தால் மெத்தென்று ஆகிவிடுமே" என்பதுதான் எல்லோருடைய கணக்கும். வண்டி காலியாக நிற்கும்போது பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தடிமனாக, கிட்டத்தட்ட நேராக ஒரு பட்டை இருக்கும். அதன் இரண்டு முனைகளுக்கும் மேல் பட்டைக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதாவது காலி வண்டியில் அது வேலையே செய்வதில்லை. லோடு ஏறி மேலே இருப்பவை இறங்கி வந்து தொட்ட பிறகுதான் தாங்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் எல்லோரும் கழற்றச் சொல்வது அந்தப் பட்டையைத்தான், பார்க்கத் தடியாக இருக்கிறது என்பதால்! கழற்றினால் காலி வண்டியில் ஓட்டம் ஒரு இம்மியும் மாறாது. "இப்ப பரவாயில்லைண்ணா" என்று காசு கொடுத்துவிட்டுப் போவார்கள், அது மனசு. அடுத்த வாரம் இருபது மூட்டை ஏற்றும்போதுதான் அந்தப் பட்டை எங்கே என்று வண்டி தேடும்.

நடுவில் இருப்பதை உருவினால்? ஓட்டம் கொஞ்சம் இளகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லீஃப் பட்டை எடையை மட்டும் தாங்குவதில்லை. பின் ஹவுசிங்கை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதே பட்டைதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஹவுசிங் முறுக்கப் பார்க்கும், அந்த முறுக்கையும் பட்டைதான் வாங்குகிறது. ஆளைக் குறைத்தால் மீதி இருப்பவர்கள் தலையில் அத்தனையும் விழுகிறது. அப்புறம் பட்டைக் கட்டு மெலிந்துவிடுவதால், அதை ஹவுசிங்கோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட்டின் மரை தீர்ந்துபோய் நட்டு பாதியிலேயே நின்றுவிடும். கையில் ஸ்பானர் வைத்திருப்பவனுக்கு இறுகிவிட்டது மாதிரி இருக்கும், உள்ளே பட்டை தளர்ந்துதான் கிடக்கும். வால்பாறை வண்டியில் நடந்தது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. இதை யாரிடம் சொன்னாலும் கதை விடுகிறேன் என்பதுபோலப் பார்க்கிறார்கள். சில பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கூட்டிக் குறைக்கும். சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது லோடு எவ்வளவு என்று கணிக்கிறது. பட்டையை உருவினால் வண்டி பின்னால் இறங்கும். வால்வு "ஆஹா, லோடு ஏறிவிட்டது" என்று பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். வண்டியோ காலி. மழை ரோட்டில் சடன் பிரேக் அடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் வீசும். இதோடு ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும், எதிரில் வருபவர் கண் கூசித் திட்டுவார். இத்தனையும் ஒரு பட்டைக்காக.

சரி, வீட்டில் உட்கார முடியவில்லை என்கிறார்களே, அதற்கு என்னதான் செய்வது? முதலில் காற்றைப் பாருங்கள். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். லோடு குறைவாக இருந்தால் எவ்வளவு, நிறைய இருந்தால் எவ்வளவு என்று பல வண்டிகளில் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதே இல்லை. காற்றுப் பிடிக்கிற பையன் வண்டியின் உடம்பைப் பார்த்துவிட்டுக் கல்லு மாதிரி ஏற்றி விடுகிறான், நீங்களும் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். முரட்டுத்தனம் என்று என்னிடம் வரும் வண்டிகளில் பல, காற்றைச் சரி பண்ணியதும் வாயை மூடிக்கொண்டு போனவை. டயர் சூடாவதற்கு முன், காலையில் வண்டி எடுத்தவுடன் பிடியுங்கள். அதற்காக ஸ்டிக்கரில் போட்டிருப்பதற்கும் கீழே இறக்கிவிடாதீர்கள். குறைந்த காற்றில் நாலுவழிச் சாலையில் நூறில் போனால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். நைட்ரஜன் போட்டால் மெத்தென்று இருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்காது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துச் சேற்றுக்கென்று பெரிய பல் வைத்த மட் டெரெய்ன் டயர் மாட்டிக்கொண்டு, வண்டிக்குள் ஒரே இரைச்சல், தலைவலி என்றால் நான் என்ன செய்ய முடியும்? அடுத்த முறை மாற்றும்போது ஆல் டெரெய்ன் அல்லது ஹைவே டெரெய்ன் பாருங்கள்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். குழியில் விழுந்து எழுந்த பிறகும் பின்பக்கம் ஆடிக்கொண்டே இருந்தால் சந்தேகம் அங்கேதான். எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ், ஷேக்கிள் புஷ், பட்டை முனைகளுக்கு நடுவில் இருக்கும் பேடு, இவையெல்லாம் தேய்ந்தாலும் வண்டி கடகடவென்று உதறும். மாற்றுவது பெரிய செலவும் இல்லை. கிரீச் சத்தம் வருகிறது என்று பழைய என்ஜின் ஆயிலைப் பட்டையில் பூசுகிறீர்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ரப்பரை அது தின்றுவிடும், மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். புஷ் மாற்ற வருகிற வண்டியில் அந்தக் கறுப்புக் களிம்பைச் சுரண்டுவதற்கே எங்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் தூக்கிப்போட்டால் கொஞ்சம் எடை ஏற்றுங்கள். பிக்கப் லோடு கேட்கிற வண்டி. குடும்பத்துச் சாமான், தண்ணீர் கேன், அரிசிப் பை, எது கனமோ அதைப் பின் தொட்டியில் கேபினை ஒட்டி, தரையோடு தரையாக வைத்துக் கட்டுங்கள். நூறு, நூற்றைம்பது கிலோ அப்படி உட்கார்ந்தாலே பின்சீட்டில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும். கதவுப் பக்கம் கடைசியில் வைத்தால் வேலைக்கு ஆகாது, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எது வைத்தாலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். சும்மா போட்ட மணல் மூட்டை பிரேக் அடிக்கும்போது எங்கே வந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பின்சீட்டின் முதுகு நிமிர்ந்தே இருப்பது பலருக்குக் குறை. கேபின் சுவர் அங்கே முடிகிறது, சாய்க்க இடமில்லை. இடுப்புக்குச் சின்னதாக ஒரு தலையணை, பெரியவர்களுக்குக் காலடியில் பலகை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடப்பது, இவ்வளவுதான் அதற்கு வழி. குழந்தைகளுக்கு வாந்தி வருகிறதென்றால் கையிலிருக்கும் போனை வாங்கி வையுங்கள், பாதி சரியாகும். பின்சீட்டில் ஏசி வராத வண்டி என்றால் முன்னால் நடு வென்ட் இரண்டையும் பின்னோக்கித் திருப்பி விடுங்கள்.

ஆனால் காற்றடிக்கிற மெத்தையை வாங்கிப் பின்சீட்டில் விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து ஓட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. படுத்திருக்கும் பிள்ளைக்கு பெல்ட் கிடையாது. திடீரென்று வண்டி நின்றால் பிள்ளை நிற்காது. பதினான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்தாவது உட்காரவைத்து பெல்ட் போடுங்கள். தூக்கம் வந்தால் உட்கார்ந்தபடியே தூங்கட்டும், நாமெல்லாம் பஸ்ஸில் அப்படித்தானே தூங்கி வளர்ந்தோம்.

பின் தொட்டியில் ஆள் ஏற்றுவது பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். பெஞ்சு வெல்டு பண்ணித் தரமுடியுமா, குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நாளைக்குத்தானே என்று கேட்டு வருகிறார்கள். முடியாது. மெத்தை விரித்தாலும் முடியாது, தார்ப்பாய் போட்டாலும் முடியாது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் இருக்கை சேர்ப்பது சட்டப்படி தப்பு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரவேண்டியதில்லை என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே கேனோபி (தொட்டியை மூடும் கூண்டு) மாட்டியிருக்கிறோம், பத்திரம்தான் என்பவர்களுக்கு இன்னொரு தகவல்: கேனோபியின் பின் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓடினால் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று சைலன்ஸர் புகையை உள்ளே இழுத்துவரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

ஏற்கெனவே பட்டையைக் கழற்றிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய பட்டையை வீட்டில் எங்காவது போட்டு வைத்திருப்பீர்கள், அதை எடுத்துக்கொண்டு எந்த நல்ல பட்டறைக்காவது போங்கள். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதை மறுபடி மாட்ட விடாதீர்கள். ஊருக்குக் கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி வந்து நிற்காமல் ஒரு வாரமாவது முன்னால் வாருங்கள். புதிதாகக் கட்டிய பட்டை கொஞ்ச தூரம் ஓடினால் அமுங்கி உட்காரும், அப்போது யூ போல்ட்டை ஒரு தடவை திரும்ப இறுக்கவேண்டும். அந்த இரண்டாவது தடவைக்கு வருகிறவர்கள்தான் குறைவு. நான் அதற்குக் காசு வாங்குவதில்லை, டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.