லிலி வேறு, அல்லி வேறு

குழந்தைப் பெயர்ப் பட்டியல் எதைப் புரட்டினாலும் 'லில்லி: அல்லிப்பூ' என்றே இருக்கிறது. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதிப் பரவிய பிழை இது.

பெயரின் வேர் இலத்தீனின் 'லிலியம்'. கிரேக்க 'லெய்ரியான்' அதற்கு உறவு. எலிசபெத், லிலியன் ஆகிய பெயர்களின் செல்லச் சுருக்கமாகவும் லிலி வழங்குகிறது. மரியாளின் ஓவியங்களில் வெள்ளை லிலி இடம்பெற்றதால் தூய்மை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது.

லிலி நிலத்துச் செடி. அடியில் செதில் செதிலான கிழங்கு, மேலே நிமிர்ந்த தண்டு, பூவில் ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள். அல்லி நீர்க்கொடி. சேற்றில் கிழங்குத்தண்டு, நீர்மேல் மிதக்கும் வட்ட இலை, அடுக்கடுக்காக இதழ்கள், எண்ணற்ற மகரந்தத்தாள்கள். தாவரவியலில் இரண்டும் வெகுதூரத்துக் கிளைகள். தாவரவியல் தமிழில் பூவின் உள்ளிதழ் வட்டத்தை 'அல்லி வட்டம்' என்கிறோம். வெளிவட்டமான புல்லி, உள்வட்டமான அல்லி என்ற வேறுபாடு தெரியாதபடி ஆறு இதழும் ஒன்றுபோல் இருக்கும் பூவுக்குப் போய் அல்லி என்று பெயர் வைக்கலாமா?

குழப்பம் ஆங்கிலத்தின் 'வாட்டர் லிலி'யில் தொடங்கியது. லிலிபோல் இருப்பதாகத் தோன்றியதால் ஆங்கிலேயர் அல்லிக்கு இட்ட பெயர் அது. நம்மவர்கள் 'வாட்டரை' உதறிவிட்டு மிச்சத்தை அல்லி என்றார்கள். லகரத்தை இரட்டித்து 'லில்லி' என்று எழுதியதும் ஓசைப் பொருத்தமும் கூடிவிட்டது. இதன் விளைவைத் தோட்டக் குறிப்புகளில் பார்க்கலாம்: 'அல்லிக் கிழங்கை 15 செ.மீ. ஆழத்தில் நடுக, நீர் தேங்கினால் அழுகும்.' லிலிக்கு இது சரியான அறிவுரை. குளத்து அல்லி வளர்ப்பவர் இதை நம்பினால் செடி பிழைக்காது. ஆங்கிலத்தில் 'லிலி ஆஃப் த வேலி' எனப்படும், லிலி இனமே அல்லாத கான்வலேரியாவைப் 'பள்ளத்தாக்கு அல்லி' என்பவர்களும் உண்டு. செடியைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும். தமிழ் விவிலியத்தை ஆக்கியவர்கள் உன்னதப்பாட்டில் 'லீலிபுஷ்பம்' என்றே வைத்தார்கள். அந்தக் கவனம் இன்றைய மொழிபெயர்ப்பில் அருகிவிட்டது.

விவிலியத்தில் லிலி என்று மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லான 'ஷோஷன்னா'வைக் காட்டி அல்லிக்கு வாதாடுவோர் உண்டு. நீர்ப்பூவைக் குறித்த எகிப்தியச் சொல்லிலிருந்து அது வந்தது என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து பிறந்த பெயர் சூசன்னா, சூசன். அல்லி என்று பொருள் சொல்ல அவற்றுக்குத்தான் உரிமை, லிலிக்கு இல்லை.

தமிழிலேயே நெருங்கிய பூ வேண்டுமென்றால் காந்தள். லிலி வரிசையைச் சேர்ந்தது. அதே ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள். குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசை செங்காந்தளில் தொடங்கி அடுத்ததாக ஆம்பலைச் சொல்கிறது, ஆம்பல்தான் அல்லி. அன்றே இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் நாம். காந்தளின் கிழங்கும் விதையும் நஞ்சு என்று தயங்குவோர் தயங்கட்டும். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ அது.

லகரம் தமிழில் சொல்முதலில் வராது என்பதற்காக 'இலில்லி' என்று எழுதவும் வேண்டாம். அதைப் பெயராக யாரும் கூப்பிடப் போவதில்லை. பெயர் பிடித்திருந்தால் 'லிலி' என்றே எழுதுங்கள். பொருள் கேட்டால் 'லிலியம் என்னும் செடியின் பூ' என்று சொல்லுங்கள். அல்லி என்ற பெயரே பிடித்திருக்கிறதா, அல்லி என்றே வையுங்கள். அல்லி அரசாணியின் பெயர் அது. லிலியின் மொழிபெயர்ப்பாக நிற்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.