சருகு கிடக்கட்டும், கிழங்கைப் பிரியுங்கள்

செப்டம்பர் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள்தான் வரும். "தம்பி, சினோ (பனி) விழ முந்தி வளவை ஒருக்கால் துப்புரவாக்கித் தர வேணும்." தோட்ட வேலைத் தொழில் தொடங்கிய காலத்தில் நானும் தண்டுகளைத் தரையோடு வெட்டி, சருகை ஒன்றுவிடாமல் அள்ளி, பழுப்புக் காகிதப் பைகளில் கட்டி வீதியோரம் வைத்தேன். இப்போது அப்படிச் செய்வதில்லை.

ஊரில் விடிந்ததும் முற்றம் கூட்டினோம். சருகுக்குள் பாம்பு கிடக்கும், தேள் கிடக்கும் என்ற பயம் நியாயமானது. ரொறன்ரோவில் விஷப் பாம்பு கிடையாது. இங்கே சருகுக்குக் கீழே இளகிய மண்ணில் பம்பிள் தேனீயின் இளம் ராணி தனியாக உறங்குகிறது. அந்தக் கூட்டத்தில் குளிர்காலத்தைத் தாண்டுவது அது மட்டும்தான். அது செத்தால் அடுத்த கோடையில் ஒரு கூடே இல்லை. தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் பற்றிப் பிடித்து, உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பது இந்தத் தேனீதான். சாதாரணத் தேனீக்கு அது வராது. கத்தரி காய்க்கவில்லை என்று ஜூலையில் கவலைப்படுகிறவர்கள் அக்டோபரில் சருகு வாரியைக் கையில் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும்.

புல்தரையில் தடிப்பாகக் கிடக்கும் சருகை மட்டும் வாரிப் பாத்திக்குள் போடுங்கள். காய்ந்த கோன்ஃபிளவர் பூத்தலைகளை விட்டுவிடுங்கள், கோல்ட்ஃபின்ச் குருவிகள் விதை கொத்த வரும். ஐரிஸ் இலைகளையும் கரும்புள்ளி விழுந்த பியோனி இலைகளையும் கட்டாயம் வெட்டிப் பையில் போட்டு அனுப்ப வேண்டும். முன்னதில் கிழங்கு துளைக்கும் புழுவின் முட்டை இருக்கும், பின்னதில் பூஞ்சணம்.

கிழங்கு பிரிக்கும் வேலையைத்தான் தள்ளிப்போடக் கூடாது. நிலம் உறைவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே வேர் மண்ணைப் பிடித்துவிட வேண்டும். அக்டோபர் இரண்டாம் திங்களோடு வரும் கனடாவின் தாங்ஸ்கிவிங் வார இறுதியை நான் கடைசிக் கெடுவாக வைத்திருக்கிறேன். ஹோஸ்டா, டே லிலி போன்ற பல வருடச் செடிகள் எல்லாம் நமக்குத் தெரிந்த வாழைக்குட்டி பிரிக்கிற வேலைதான். நடுப்பகுதி செத்து, ஓரத்தில் மட்டும் துளிர்க்கிறதா? பூ குறைகிறதா? கிளப்பிவிடுங்கள். ஹோஸ்டாவுக்குப் பாண் (ரொட்டி) வெட்டும் பழைய கத்தியே போதும். ஆஸ்டர், சீடம் போன்ற பின்பருவப் பூச்செடிகளை இப்போது தொடாதீர்கள், அவற்றுக்கு வசந்தம்தான் சரி.

ஓர் அக்கா வீட்டுப் பியோனி 7 வருடமாக இலை மட்டுமே விட்டது. "உரம் போதாதோ தம்பி?" என்று கேட்டார். தோண்டிப் பார்த்தால் முளைக்கண்கள் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தன. ஒவ்வொரு துண்டிலும் 3 முதல் 5 கண் இருக்கும்படி பிரித்து, கண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டருக்கு மிகாமல் மண் மூடி நட்டோம். பிரித்த பியோனி உடனே பூக்காது, பொறுக்க வேண்டும். இரண்டாவது ஜூனில் பூ வந்தது.

அப்புறம், நிலம் உறைந்து இறுகிய பிறகு அதே சருகை அந்தச் செடிகளைச் சுற்றிப் பரப்புங்கள். இல்லாவிட்டால் மண் உறைந்தும் இளகியும் மாறும்போது புதுக் கிழங்கை மேலே தள்ளிவிடும். பனி கரைகிற நாட்களில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். கிளம்பி நிற்கிறதைக் காலால் மெல்ல மிதித்து இறக்கிவிட்டால் போதும்.