வான்கோழி வேட்டைக்கான சோக்: எண்ணை நம்பாதீர்கள், தாளில் சுட்டுப் பாருங்கள்

மார்ச்சில் ஃபுளோரிடா பக்கம் தொடங்கும் காட்டு வான்கோழி சீசன், மே மாதத்துக்குள் அமெரிக்காவின் வட மாநிலங்கள் வரை போய்ச் சேர்ந்துவிடும். சீசன் நெருங்கும்போது துப்பாக்கிக் கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி, "இருக்கிறதிலேயே டைட்டான சோக் எது?" என்பதுதான். சோக் என்பது ஷாட்கன் குழலின் முனையில் திருகிப் பொருத்தி, அதன் வாயைக் குறுக்கும் சிறு குழாய். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லி விற்பவர்களும் உண்டு. ஆனால் சோக் தனியாக எதையும் சாதிப்பதில்லை. குழல், தோட்டா, சோக் மூன்றும் சேர்ந்து எத்தனை கஜம் வரை ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளை) கலையாமல் கொண்டுபோகின்றன என்பதுதான் கேள்வி. அதை உயிருள்ள பறவையின் மேல் சோதித்துப் பார்க்கக் கூடாது.

வாத்தைச் சுடுவதுபோல வான்கோழியின் உடம்பைப் பார்த்துச் சுடுவதில்லை. இறக்கையும் கனத்த மார்புத் தசையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும். உடம்பில் அடிபட்ட சேவல் (ஆண் வான்கோழி) ஓடியோ பறந்தோ போய், யார் கண்ணிலும் படாமல் ஏதோ புதரில் கிடந்து சாகும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் தலையையும் கழுத்தையும் மட்டும் குறிவைக்கிறோம். மூளையும் கழுத்தெலும்பும் சேர்ந்த அந்தப் பகுதி மிகவும் ஒடுங்கியது. நெருக்கமான, நடுவில் ஓட்டை விழாத பேட்டர்ன் (ரவைகள் பரவி விழும் விதம்) வேண்டும் என்பது இதனால்தான்.

கணக்குக்கு வருவோம். கேஜ் என்பது குழலின் அகலத்தைக் குறிக்கும் அளவு. 12 கேஜ் குழலின் உள்விட்டம் பொதுவாக 0.729 அங்குலம். சோக்கின் வாயில் அது எவ்வளவு குறுகுகிறதோ அதுதான் இறுக்கம். இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் சுமார் 0.010, மாடிஃபைடில் 0.020, ஃபுல்லில் 0.035 முதல் 0.040 அங்குலம் வரை. வான்கோழிக்கென்று விற்கும் எக்ஸ்ட்ரா ஃபுல் வகைகளின் வாய் பெரும்பாலும் 0.660 முதல் 0.690 அங்குலத்துக்குள் இருக்கும். 20 கேஜில் குழல் 0.615, அதற்கான வான்கோழி சோக்குகள் 0.555 முதல் 0.575 வரை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சோக்கில் பொறித்திருக்கும் 0.670 என்பது வாயின் அளவு மட்டும்தான். இறுக்கம் எவ்வளவு என்பது உங்கள் குழலின் அளவைக் கழித்தால்தான் தெரியும். சாதாரணக் குழலில் 0.695 சோக் போட்டால் இறுக்கம் 0.034, அதாவது ஏறக்குறைய ஃபுல். மாஸ்பெர்க் 835 என்ற துப்பாக்கியின் குழல் 0.775 வரை அகலமாகக் கடையப்பட்டது. அதில் அதே 0.695 சோக் 0.080 அங்குல இறுக்கம் ஆகிவிடும். நண்பர் துப்பாக்கியில் அற்புதமாக அடித்த எண்ணை உங்கள் துப்பாக்கிக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. முதலில் குழலின் உண்மையான உள்விட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லிவிடுவார்.

இறுக்கம் கூடக்கூடப் பேட்டர்னும் நெருங்கிக்கொண்டே போகும் என்பதும் பொய். ஈயம் மென்மையான உலோகம். அளவுக்கு மீறிய இறுக்கத்தில் ரவைகள் ஒன்றோடொன்று நசுங்கி உருண்டை வடிவத்தை இழக்கின்றன. நசுங்கிய ரவை காற்றில் நேராகப் போகாது, விலகி ஓடும். தாளில் பார்த்தால் நடுப்பகுதி மெலிந்து, ஓரமெல்லாம் சிதறிய துளைகளாக இருக்கும். அப்போது இன்னும் டைட்டான சோக்கைத் தேடாமல், ஒரு படி தளர்த்திப் பாருங்கள். சாதாரண 0.729 குழலில் செம்பு பூசிய ஈய ரவை போடுகிறவர்கள் 0.665 அல்லது 0.670-இல் தொடங்கலாம்.

அடுத்து தோட்டா. ரவையின் எண் கூடக்கூட அதன் அளவு சிறியதாகும். ஒரு அவுன்ஸ் ஈயத்தில் 4-ம் எண் ரவை சுமார் 135, 5-ம் எண் 170, 6-ம் எண் 225 இருக்கும். 1¾ அவுன்ஸ் தோட்டா என்றால் முறையே 236, 297, 394. 40 கஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவுகோல். சுட்டதில் மூன்றில் ஒரு பங்கு வட்டத்துக்குள் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 4-ம் எண்ணில் 79, 5-ம் எண்ணில் 99, 6-ம் எண்ணில் 131. சோக்கை மாற்றாமலே, ரவையின் எண்ணை மாற்றி இந்த அளவைத் தொட முடியும். ஆனால் 6-ம் எண் ரவை சிறியது, தூரம் கூடினால் ஊடுருவும் வேகத்தை முதலில் இழப்பதும் அதுதான். 40 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு 5-ம் எண்தான் எங்கள் முதல் சிபாரிசு.

டிஎஸ்எஸ் எனப்படும் டங்ஸ்டன் ரவை தனி ஜாதி. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 18 கிராம். ஈயம் 11 சொச்சம்தான். அதனால் 9-ம் எண் டங்ஸ்டன் ரவை அவ்வளவு சிறியதாக இருந்தும் ஈய 5-ம் எண்ணோடு ஊடுருவலில் போட்டி போடும். அவுன்ஸுக்கு 360-ஐ ஒட்டி ரவைகள் இருப்பதால் 20 கேஜும் அதைவிடச் சிறிய 410 குழலும்கூட வான்கோழிக்குப் போதுமானவை ஆகிவிட்டன. விலைதான் கசக்கும், ஒரு தோட்டாவே பத்து டாலரை ஒட்டி வரும். டங்ஸ்டன் கடினமானது, ஈயம்போல நசுங்காது. எனவே அந்தத் தோட்டாவுக்குத் தகுந்தது என்று சோக் தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாத எதிலும் அதைப் போடாதீர்கள். ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் வாட் (ரவையை ஏந்திவரும் பிளாஸ்டிக் கிண்ணம்) இன்னொரு விதிவிலக்கு. அது ரவையைக் கொஞ்ச தூரம் பொத்தியே கொண்டுபோகும். பக்கத்துளை உள்ள சோக்கோ, வாட்டைப் பிடித்து நிறுத்தும் சோக்கோ அந்த வேலையைக் கெடுத்துவிடும். சாதாரண ஃபுல் சோக்கிலேயே அது நன்றாக அடிப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது தாள். குறைந்தது மூன்றடிக்கு மூன்றடித் தாளை 40 கஜத்தில் கட்டுங்கள். தூரத்தைக் காலடி வைத்து அளக்காமல் ரேஞ்ச்ஃபைண்டரில் அளங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் தாங்கி, தோள்பட்டைக்கு மெத்தை வைத்து, காதடைப்பும் கண்ணாடியும் போட்டுச் சுடுங்கள். குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சில சுடுகளை 20 கஜத்தில் லேசான டார்கெட் தோட்டாவில் முடித்துவிட்டால், கனத்த தோட்டாவின் உதையில் தோள் துவண்டு ட்ரிகரைப் பறித்து இழுக்கும் பழக்கம் வராது. ஆனால் முடிவை வேட்டைத் தோட்டாவில்தான் எடுக்க வேண்டும், அது வேறு இடத்தில் அடிக்கலாம்.

ஒரு தாளுக்கு ஒரே சுடு. வட்டத்தைப் புள்ளியைச் சுற்றி வரையாதீர்கள். துளைகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கே 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு துளையையும் மார்க்கரால் தொட்டுக்கொண்டே எண்ணினால் விட்டுப்போகாது. பிறகு அந்த வட்டத்தின் நடுவுக்கும் நீங்கள் குறிவைத்த புள்ளிக்கும் எத்தனை அங்குலம் என்று அளங்கள். நல்ல பேட்டர்ன் ஐந்து அங்குலம் மேலே போய் உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை நூற்றைம்பது இருந்தும் பயனில்லை. கன்னம் ஸ்டாக்கில் (துப்பாக்கியின் பின்கட்டையில்) அழுந்தாமல் தலை தூக்குவதும், குழல் முனையில் இருக்கும் குறிமணியை மட்டும் நம்புவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) பொருத்தினால் சரிப்படுத்திவிடலாம். கடைசியாக, சேவல் தலையின் கோட்டுப்படத்தைத் தாள்மேல் நகர்த்திப் பாருங்கள். தலையும் கழுத்தும் முழுதாகத் தப்பிக்கும் அளவுக்கு வெற்றிடம் எங்கேயாவது இருந்தால் மொத்த எண்ணிக்கையை நம்பக் கூடாது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று தாளாவது வேண்டும். ஒரு தாள் 120 காட்டி அடுத்தது 80 காட்டினால், உங்கள் கணக்கு 80-தான்.

40-இல் தேறவில்லையா? 35-இல், 30-இல் சுடுங்கள். எந்தத் தூரத்தில் மூன்று தாளும் தேறுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பெட்டியில் அச்சிட்ட 60 கஜ வாக்குறுதி உங்கள் துப்பாக்கியைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

மறக்காமல் 15 கஜத்திலும் ஒரு தாள் சுடுங்கள். அங்கே மொத்தப் பேட்டர்னும் கைமுட்டி அளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். கூப்பிட்ட குரலுக்கு மிகப் பக்கத்தில் வந்து நிற்கும் சேவலைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அடர்ந்த காட்டில் 25 கஜத்துக்கு மேல் பார்வையே எட்டாது என்றால், எக்ஸ்ட்ரா ஃபுல்லை விட்டு ஃபுல்லோ மாடிஃபைடோ போடுவது கெட்டிக்காரத்தனம்.

சோக் வாங்கும்போது மரை பொருந்துவதை உறுதி செய்யுங்கள். ரெம் சோக், வின்சோக் என்ற இரண்டு வகைகளின் மரையும் வேறு வேறு. பெனெல்லி, பெரெட்டாவுக்குள்ளேயே பல வகை உண்டு. ஏறக்குறைய பொருந்துவதைத் திருகிவிட்டால் சோக்கின் அடி விளிம்பு குழலுக்குள் துருத்தி நிற்கும். ரவைக் கூட்டம் அந்த விளிம்பில் மோதினால் குழல் பிளக்கும். ஸ்டீல் ரவைக்கு ஆகாது என்று பொறித்த சோக்கில் ஸ்டீலைப் போட்டாலும் ஆபத்து; நசுங்காத ரவை சோக்கையே வீங்க வைக்கும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது என்பதால் அங்கே இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரவையின் எண்ணுக்கும் பல மாநிலங்களில் வரம்பு உண்டு. அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

சோக்கைத் தொடுவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்து, ஆக்‌ஷனை (தோட்டா ஏற்றும் பகுதியை) திறந்து வையுங்கள். மரையில் துளி ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிச் சிக்காமல் தடுக்கும் பசை) தடவி, சாவியால் இறுக்குங்கள். சில சுடுகளுக்கு ஒருமுறை, திரும்பவும் காலி செய்த பிறகே, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சோக் இல்லாமல் ஒருபோதும் சுடக் கூடாது, மரை நாசமாகிவிடும். வாட்டின் பிளாஸ்டிக் சாம்பல் நிறக் கோடுகளாகச் சோக்கின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அது சேர்ந்தால் நேற்றுத் தேறிய சோக் இன்று தேறாது. சால்வென்ட் ஊற்றி, வெண்கல பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, சீசனுக்கு முன் இன்னொரு தாள் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.