சோடியில் ஒன்று வயது சொல்லும்

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் தொலைநோக்கியை வைத்தால் பிள்ளைகள் முதலில் திருப்பச் சொல்வது சிரியஸுக்குத்தான். போன மாசியில் உயர்தரம் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "இரும்பு கூட இருந்தா அது இளசு நட்சத்திரம்தானே, சேர்?" நானும் பல வருடம் அப்படித்தான் படிப்பித்தேன்.

யோசனை நியாயமானது. பெருவெடிப்பில் உண்டானவை ஐதரசன், ஈலியம், துளி இலித்தியம். மிச்சத்தில் பெரும்பகுதி நட்சத்திரங்கள் சமைத்துச் சிதறியது. ஆகவே பிந்திப் பிறந்ததில் உலோகம் கூட இருக்கவேண்டும். (வானியலாளருக்கு ஈலியத்துக்கு மேலே எல்லாமே உலோகம், ஒட்சிசனும்தான். இரசாயன ஆசிரியர்கள் மன்னிக்க.)

சிக்கல் வயதில். சூரியனைப் போன்றது பல நூறு கோடி ஆண்டுகள் பெரிதாக மாறாது. நிறமாலையில் இரும்பின் அளவைப் படிக்கலாம், வயதைப் படிப்பது கடினம். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சமான வெண்குள்ளன் நேர் எதிர். எரிபொருள் முடிந்து சிரட்டைத் தணல் மாதிரி ஆறுகிறது. வெப்பநிலையும் திணிவும் கிடைத்தால், எவ்வளவு காலம் ஆறியது, அதற்கு முன் எவ்வளவு காலம் எரிந்தது என்று கணக்கிடலாம். ஆனால் பிறந்தபோதிருந்த சேர்க்கை தெரியாது. கடும் ஈர்ப்பில், கிணற்றுக் கலங்கல் அடையிறங்குவதுபோல், பாரமானவை கீழே போய்விடும்.

1995 இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைத்தவருக்கு, இரட்டைச் சகோதரத்தின் பத்திரம் இருந்தால் திகதி கிடைத்துவிடும். இதுவும் அப்படித்தான். ஒரே முகிலில் ஒன்றாகப் பிறந்த சோடியில் வெண்குள்ளன் வயதைத் தரும், மற்றது இரும்பைத் தரும். சோடி தள்ளித் தள்ளி இருக்கவேண்டும். நெருங்கினால் ஒன்றின் வாயு மற்றதில் கொட்டிக் கணக்கைக் குழப்பிவிடும். 2013 இல் ஏவிய கையா விண்கலம் தூரத்தையும் அசைவையும் அளந்ததால், இப்படித் தள்ளியிருக்கும் சோடிகள் பத்து இலட்சத்துக்கு மேல் அகப்பட்டன. வெண்குள்ளன் உள்ளவை அதில் சிறு பங்குதான்.

அவற்றில் சிலவற்றை அளந்து பார்த்தபோது தம்பியின் விதி ஆட்டம் கண்டது. சூரியனின் அயலில் ஒரே வயதுக்காரரிடையே இரும்பு கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. பால்வீதியின் உலோகம் கூடிய உட்பகுதியில் பிறந்து இங்கே குடிபெயர்ந்தவை கலந்திருப்பது ஒரு காரணம்.

"அப்ப சூரியனுக்குச் சோடி இல்லையே, வயசு எப்படித் தெரியும்?" என்றான்.

விண்கல்லில் இருந்து, என்றேன். கதிரியக்கக் கணக்கில் ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகள்.