இனிப்பை அளக்கும் நாக்கு, துகள்களை எண்ணும் குடல்

எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். ரொட்டி, முட்டை, வேகவைத்த காய்கறி எல்லாம் தொல்லையின்றிச் செரிக்கின்றன. ஆனால் ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு குடித்தால் கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது, வயிறு முறுக்குகிறது, படுத்தே ஆகவேண்டியிருக்கிறது. அதே அளவு இனிக்கும் சர்க்கரையில்லாப் பானத்தைக் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை. இது ஒவ்வாமையா, இனிமேல் பிடித்த பானங்களை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதானா என்பது அவருடைய கவலை. ஒவ்வாமை அல்ல. பானங்களை மறக்கவும் வேண்டாம். ஆனால் அவற்றை எப்படி மாற்றிக்கொள்வது என்று தெரிந்துகொள்ள, கலோரிக் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறுவையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய இரைப்பையின் மேற்பகுதியில், ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைப்பதே பைபாஸ் முறை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோ ஆகிய இருவரும் 1967-இல் வெளியிட்ட முறையிலிருந்து படிப்படியாக வளர்ந்தது இது. இன்று பரவலாகச் செய்யப்படும் இன்னொரு வகையான ஸ்லீவ் அறுவையில், இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி அகற்றிவிடுகிறார்கள். ஆனால் இரைப்பையின் அடிவாயிலில் உள்ள பைலோரஸ் என்னும் தசைவளையம் அப்படியே விடப்படுகிறது. பைபாஸில் உணவு அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை. நம் கேள்விக்கு வேண்டிய உடற்கூறு இவ்வளவுதான்.

பைலோரஸ் ஒரு மதகு. சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள உணரிகள் வந்து சேரும் கலவையின் அடர்த்தியையும் சத்தையும் கண்டறிந்து செய்தி அனுப்ப, அதற்கேற்ப அது திறந்து மூடுகிறது. பொதுவாக நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று கலோரி அளவுக்கு மேல் கீழே போகவிடுவதில்லை. 100 கலோரி கொண்ட ஒரு குவளை பழச்சாறு இந்த வழியில் சிறுகுடலைச் சென்றடைய முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அந்த மதகு இல்லாத உடலில், அதே சாறு சில நிமிடங்களில் மொத்தமாகக் குடலுக்குள் இறங்கிவிடுகிறது. பை சிறியதாக இருப்பதால் அதிகம் குடிக்க முடியாது என்று பலர் எண்ணுகிறார்கள். திட உணவுக்கு அது ஓரளவு பொருந்தும், திரவமோ பையில் தங்குவதே இல்லை.

இறங்கிய பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றிச் செய்த சவ்வூடு பரவல் சோதனை பலருக்கும் நினைவிருக்கும். கரைபொருள் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்கு நீர் நகர்கிறது. இதில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கும் செய்தி என்னவென்றால், அந்த இழுவிசைக்குக் கரைந்திருக்கும் பொருள் என்ன என்பதைப் பற்றி ஏறத்தாழ எந்த அக்கறையும் இல்லை. அது இனிக்கிறதா, உப்புக் கரிக்கிறதா, மூலக்கூறு பெரியதா, சிறியதா என்பதெல்லாம் பொருட்டே அல்ல. எத்தனை துகள்கள் மிதக்கின்றன என்ற எண்ணிக்கை ஒன்றே பொருட்டு. நம் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லிமோல் (துகள்களை எண்ணும் அலகு) துகள்கள் கரைந்திருக்கின்றன. குடலுக்குள் வரும் திரவத்தில் இதைவிட அதிகம் இருந்தால், இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாயும்.

இப்போது 250 மில்லிலிட்டர் இனிப்புப் பானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். சர்க்கரையின் மூலக்கூற்று எடை 342. ஆகவே 25 கிராம் என்பது 73 மில்லிமோல். ஆனால் குடலின் உட்சுவரில் உள்ள நொதி, ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூற்றையும் ஒரு குளுக்கோஸ், ஒரு ஃப்ரக்டோஸ் என இரண்டாக உடைத்துவிடுகிறது. துகள்களின் எண்ணிக்கை 146 மில்லிமோலாக இரட்டிக்கிறது. இதை இரத்தத்தின் அடர்த்திக்கு நீர்க்கச் செய்ய மொத்தம் அரை லிட்டர் நீர் வேண்டும். குடித்தது கால் லிட்டர். மீதிக் கால் லிட்டரை உடல்தான் கொடுக்க வேண்டும். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே மூன்று லிட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இது உச்சவரம்புக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை உறிஞ்சப்படுவதும் கூடவே நடப்பதாலும், திசுக்களிலுள்ள நீர் இரத்தத்துக்குள் வந்து ஈடுகட்டுவதாலும் உண்மையான இழப்பு இதைவிடக் குறையும். ஆயினும் இரத்த அளவு சட்டென்று சரியவும், இதயம் வேகமாகத் துடித்து அதை ஈடுசெய்யவும் அது போதுமானது. திடீரென விரிந்த குடல் வெளியிடும் ஹார்மோன்கள் இரத்த நாளங்களைத் தளர்த்தி நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன. படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், வயிற்றுப்போக்கு என்று வாசகர் விவரித்ததெல்லாம் இதுதான். மருத்துவர்கள் இதை டம்பிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். ஸ்லீவ் அறுவை செய்தவர்களுக்கும் இது வரலாம், ஆனால் பைபாஸ் செய்தவர்களைவிடக் குறைவாக.

ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது அலை ஒன்றும் வரக்கூடும். சர்க்கரை ஒரே மூச்சில் உறிஞ்சப்படுவதால் இரத்த குளுக்கோஸ் குபீரென ஏற, குடல் ஜிஎல்பி-1 ஹார்மோனை வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து இன்சுலினைத் தூண்ட, அந்த இன்சுலின் தேவைக்கு மேல் வேலைசெய்து குளுக்கோஸைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறது. கைநடுக்கமும் கடும் பசியும் மயக்க உணர்வும் அப்போது வருகின்றன. இப்போது பெரிதாகப் பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகள் போலி செய்வது இதே ஜிஎல்பி-1 ஹார்மோனைத்தான்.

ஆக, குடல் துகள்களை எண்ணுகிறது. நாக்கு எண்ணுவதில்லை, அது வடிவத்தைப் பார்க்கிறது. சுவையரும்புகளில் டி1ஆர்2, டி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் இணைந்து ஓர் ஏற்பியாக நிற்கின்றன. அதன் பள்ளத்தில் பொருந்தி உட்காரும் எந்த மூலக்கூறும் இனிக்கும். இந்த இணையில் ஒன்றுக்கான மரபணு பழுதடைந்துவிட்டதால் பூனைகளுக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரை இந்த ஏற்பியில் தளர்வாகத்தான் பொருந்துகிறது. அதனால்தான் இனிப்பை உணரக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டியிருக்கிறது. செயற்கை இனிப்பூட்டியான சுக்ரலோஸ் இறுக்கமாகப் பொருந்துகிறது. எடைக்கு எடை ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கிறது. 25 கிராம் சர்க்கரையின் இடத்தில் சுமார் 42 மில்லிகிராம் சுக்ரலோஸ் போதும், அது 0.1 மில்லிமோல். குடல் எண்ணிப் பார்த்தால், சர்க்கரை தந்த துகள்களில் ஆயிரத்து நானூற்றில் ஒரு பங்கு. நாக்கு ஏற்றுக்கொள்ளும் இனிப்பு அதே அளவில் இருக்க, குடல் மேல் விழும் சுமை கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. வாசகரின் சர்க்கரையில்லாப் பானம் தொல்லை தராததற்கு இதுவே காரணம்.

ஆனால் உறையில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று நம்பிவிட வேண்டாம். சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் சர்க்கரையைவிடக் குறைவாகவே இனிக்கின்றன. ஆகவே அதிகம் சேர்க்க வேண்டியிருக்கிறது. சார்பிட்டாலின் மூலக்கூறு சர்க்கரையினதைவிடச் சிறியது, குடலும் அதை மெதுவாகவே உறிஞ்சுகிறது. சிறிய துகள்கள், அதிக எண்ணிக்கை, நீண்ட நேரத் தங்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தூளாக விற்கப்படும் இனிப்பூட்டிகள் சிலவற்றில் அளவைக் கூட்டுவதற்காக மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும். அது நீண்ட சங்கிலி என்பதால் குவளையில் துகள் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். ஆனால் குடலில் விரைவில் குளுக்கோஸாக உடைந்து, மேலே சொன்ன இரண்டாவது அலைக்கு வழி செய்யும். சொட்டு மருந்து வடிவிலோ சிறு மாத்திரையாகவோ வருபவற்றில் இந்தச் சிக்கல் குறைவு.

தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நல்லெண்ணத்தோடு பரப்பப்படும் மூடநம்பிக்கைக்கு அளவே இல்லை. 'இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது' என்ற வாக்கியம் எத்தனை அறுவை நோயாளிகளைக் கட்டிலில் தள்ளியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தேனின் பெரும்பகுதி ஏற்கெனவே உடைந்த நிலையிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். நொதி செய்ய வேண்டிய வேலையைத் தேனீ முன்பே செய்து முடித்துவிட்டது. குடலின் கணக்கில் தேன் என்பது முன்கூட்டியே இரட்டிக்கப்பட்ட சர்க்கரை. சவ்வூடு பரவல் பூவையும் ஆலையையும் பிரித்தறியாது.

எதிர்ப்பக்கத்திலும் மிகையச்சம் உண்டு. 2023-இல் அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டி 'புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ளது' என்னும் பிரிவில் சேர்க்கப்பட்டபோது எழுந்த பரபரப்பில், அதே நேரத்தில் உலகச் சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் விட்டது பலர் காதில் விழவில்லை. (ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் ஆகாது என்பது தனிச் செய்தி.) அதே ஆண்டில் உலகச் சுகாதார அமைப்பு, எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. அது பொதுமக்களின் நீண்டகால எடையைப் பற்றிய அறிவுரை. டம்பிங்கைத் தவிர்க்க ஒரு குவளையில் சர்க்கரைக்குப் பதில் எதைச் சேர்ப்பது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை நேராக எடுத்துச் சோதிக்க ஆய்வுப் பணம் எளிதில் கிடைப்பதில்லை என்பது என் குறை. புதிய மூலக்கூறு என்றால் காப்புரிமை உண்டு, முதலீட்டாளர் உண்டு. பழச்சாற்றில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் உடல் ஏற்கும் என்பதற்குக் காப்புரிமை வாங்க யாரால் முடியும்? பொதுப் பணம் போக வேண்டியது இத்தகைய கேள்விகளுக்குத்தான்.

நடைமுறைக்கு வருவோம். அறுவை முடிந்த முதல் வாரங்களில் மருத்துவக் குழு கொடுத்த பட்டியலைத் தாண்டக் கூடாது. கீழே சொல்வது அந்தக் கட்டம் கடந்தவர்களுக்கு, அதுவும் உணவியல் வல்லுநரைக் கேட்ட பின்பு. பழச்சாற்றை ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்தால் சர்க்கரை நூற்றுக்கு இரண்டரை அளவுக்கு இறங்கும். முழுதும் உடைந்தாலும் துகள் எண்ணிக்கை இரத்தத்தினதில் பாதிதான். குறைந்த இனிப்பை ஓரிரு சொட்டு சுக்ரலோஸ் ஈடுகட்டும். பழத்தின் மணம் நீர்த்த பிறகும் வியக்கத்தக்க அளவு மிஞ்சியிருக்கும். குடிக்கும் வேகம்தான் இழந்த மதகுக்கு மாற்று: ஒரு குவளையை அரை மணி நேரத்துக்கு மேல் மிடறு மிடறாகப் பருக வேண்டும், உணவோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது.

குளிர்ந்த காப்பியிலும் கோக்கோவிலும் இனிப்பூட்டியையும் குறைக்க வழியுண்டு. இனிப்புச் செய்தியை நரம்புக்குக் கடத்தும் உயிரணுவில் டிஆர்பிஎம்5 என்னும் வாயில் இருக்கிறது. வெப்பநிலை கூடக் கூட, 15-இலிருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை, அது தாராளமாகத் திறக்கிறது. பனிக்கட்டி மிதக்கும் பானத்தில் அது பாதி உறங்குகிறது. அதே பானத்தைச் சற்றே குளிர்ச்சி தணிந்த பின் குடித்தால் கூடுதலாக எதுவும் சேர்க்காமலே இனிப்புக் கூடும். கோக்கோவின் கசப்பை ஒரு சிட்டிகை உப்பு அடக்கும். கசப்பு அடங்கினால் மறைந்திருந்த இனிப்பு வெளிவரும். வனிலாவின் மணமும் இனிப்பு கூடியதாக மூளையை நம்பவைக்கிறது.

பாலில் ஒரு முரண் இருக்கிறது. பைபாஸுக்குப் பின் உணவு குடலின் மேற்பகுதியைத் தாண்டிச் செல்வதால், பாற்சர்க்கரையாகிய லாக்டோஸ் சிலருக்குப் புதிதாக ஒத்துக்கொள்ளாமல் போகிறது. அவர்கள் லாக்டோஸ் நீக்கிய பாலுக்கு மாறுகிறார்கள். அந்தப் பாலில் பெரும்பாலும் எதுவும் நீக்கப்படுவதில்லை. நொதி சேர்த்து லாக்டோஸை இரண்டாக உடைத்திருக்கிறார்கள், அதனால்தான் அது கூடுதலாக இனிக்கிறது. சாதாரணப் பால் இரத்தத்தின் அடர்த்தியோடு ஒத்துப்போகிறது. உடைத்த பாலில் துகள்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. லாக்டோஸ் ஒவ்வாதவருக்கு அதுவே நல்லது என்றாலும், வேறு இனிப்புச் சேர்க்காமல் நீர் கலந்து குடிப்பது அறிவு. சர்க்கரை சேர்க்காத சோயாப் பாலில் இந்தத் தலைவலியே இல்லை, புரதமும் கிடைக்கும்.

கரியமில வாயு அடைத்த பானங்களுக்குச் சர்க்கரையை நீக்குவது மட்டும் போதாது. 330 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் கரைந்திருக்கும் வாயு, வெளிவந்து விரிந்தால் ஒரு லிட்டர் அளவு இடம் கேட்கும். அதற்கு 30 மில்லிலிட்டர் பையில் இடமில்லை. ஏப்பமாக வெளியேறும் வரை அது வலிக்கும். அந்தச் சுவைதான் வேண்டும் என்பவர்கள் சர்க்கரையில்லாப் பானத்தை அகன்ற கோப்பையில் ஊற்றிக் கலக்கி, குமிழ்கள் அடங்கும் வரை வைத்திருந்து, பிறகு குடிக்கலாம். வாயு போன பின் புளிப்பும் குறைந்துவிடுவதால் பானம் முன்பைவிட இனிக்கும். அப்போது அதிலும் தாராளமாகத் தண்ணீர் சேர்க்கலாம்.