கல்மீனைப் பாறையாக்க வேண்டாம்

"பாறைமீனை மிதித்தால் உயிருக்கே ஆபத்து." தமிழில் குரல் கொடுக்கப்பட்ட கடல் ஆவணப்படங்களில் இதை எத்தனை முறை கேட்பது? போன வாரம் என் மகள், "நேற்றுக் குழம்பு வைத்தோமே, அந்தப் பாறையா?" என்று பயந்து கேட்டாள். கேள்வி நியாயமானதே.

ஆவணப்படம் எச்சரிக்கும் மீனின் ஆங்கிலப் பெயர் ஸ்டோன்ஃபிஷ். ஸ்டோன் என்றால் கல். அறிவியல் பெயர் சினான்சியா வெருக்கோசா. பின்பாதி இலத்தீன், 'மருக்கள் நிறைந்தது' என்று பொருள். கல்மீன் என்பதே நேரான தமிழ்.

பாறைமீன் ஏன் தவறு? நம் கடற்கரையில் பாறை என்பது ஏற்கெனவே ஒரு மீன்குடும்பத்தின் பெயர். மஞ்சள் பாறை, கண்ணாடிப் பாறை என்று சந்தையில் கூவி விற்கிறார்கள். வெள்ளி மினுங்க, திறந்த நீரில் விரைந்து நீந்தி வேட்டையாடும் மீன்கள் அவை. கல்மீனோ அசையாமல் கிடப்பது. செங்கடலிலிருந்து பிரெஞ்சு பொலினீசியா வரை, பவளத்திட்டின் ஆழமற்ற பகுதிகளில், உடைந்த பவளத் துண்டுகளுக்கிடையில் மணலில் பாதி புதைந்து, பாசி படிந்த கல்லாகவே காட்சி தரும். முதுகில் 13 நச்சு முட்கள். பாறை என்றால் ஏறி நிற்பது; கல் என்றால் காலில் இடறுவது. ஒன்றரைச் சாண் மீனுக்கு எது பொருந்தும்? அகராதியைப் புரட்டுகிறவர்கள் மீன்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொரு குழப்பம், 'விஷமீன்'. பேத்தை மீனில் நஞ்சு உடலுக்குள் இருக்கிறது, தின்றால் கொல்லும். கல்மீனில் நஞ்சு முள்ளில் இருக்கிறது, குத்தினால்தான் ஏறும். முள்ளை நீக்கிச் சமைத்து ஒகினாவாவில் அதைச் சாப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் எச்சரிக்கைக்கே பொருளில்லை. 'முள்ளில் நஞ்சுள்ள மீன்' என்று நீட்டிச் சொல்வதால் எதுவும் கெட்டுவிடாது.

இதன் இனத்தில் இன்னொன்று இந்தியக் கரைகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை, கழிமுகங்களிலும் வாழ்கிறது. அதைக் கழிமுகக் கல்மீன் என்றால் உடனே புரிகிறது. கழிமுகப் பாறை என்று எழுதிப் பாருங்கள்: ஒருவர் படகு மோதும் என்று அஞ்சுவார், இன்னொருவர் கிலோ என்ன விலை என்று கேட்பார்.